தோளை வருத்தாத காமிரா

 

சுமை என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியைத் தோளில் ஏற்றி ஸ்டோருக்கு நடந்தவர்கள் நீங்கள். அல்லது அப்படி நடந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வாளியைத் தூக்கும்போது ஒரு கனம். மேட்டுக்காட்டில் ஏறி இறங்கிய பிறகு வேறொரு கனம். இடையில் வாளியில் ஒரு சொட்டுப் பாலும் கூடவில்லை. தோள்தான் களைத்துப் போனது. தூக்கிப் பார்க்கும் எடை வேறு, சுமந்து நடக்கும் எடை வேறு என்பதை அறிந்தவர்கள் நீங்கள்.

இந்த ஒரு பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று நாம் காமிராவைப் பற்றிப் பேசப் போகிறோம்.

காமிராவா? அது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கல்லவா என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. தோட்டத்தில் கல்யாணம் என்றால் பட்டணத்துக் கடையிலிருந்து படம் பிடிப்பவர் வருவார்; நான்கு படம் எடுப்பார்; அவ்வளவுதான். இன்று நிலைமை வேறு. ஏறக்குறைய எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் காமிராவும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் கோயில் திருவிழாக்களிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் ஆர்வத்தோடு படம் எடுக்கிறார்கள். சிலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்ல காமிரா ஒன்று வாங்க நினைக்கிறார்கள். அப்போதுதான் கேள்வி எழுகிறது. எதை வாங்குவது? பெரியதா, சிறியதா? கனமானதா, இலேசானதா?

பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். கனமாக இருந்தால்தான் நல்ல காமிரா. லென்ஸ் நீளமாக இருந்தால்தான் படம் பிடிப்பவருக்கு மதிப்பு. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினோம். அந்த நம்பிக்கை எங்களுக்கு ஒரு படத்தை இல்லாமல் ஆக்கிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் படம் எடுக்க நண்பர்கள் இருவர் போயிருந்தோம். ஆளுக்கொரு பெரிய பை. உள்ளே பெரிய காமிரா, இரண்டு கனத்த லென்ஸ், பிளாஷ். பையின் பக்கத்தில் முக்காலி. காலையில் கரகம் புறப்பட்டதிலிருந்து கூடவே நடந்தோம். நடுப்பகலுக்குள் தோள் சிவந்துவிட்டது, கழுத்து இறுகிவிட்டது. பூசை முடிந்ததும் பைகளை மூடி, கோயில் வாசலில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு, மேட்டு லயத்துக்குச் சாப்பிடப் போனோம். வெறுங்கையோடு நடந்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது!

மேட்டு லயத்தில் கடைசி வீட்டு வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த ஒரே வீட்டில் இருந்தவர். திருவிழாவுக்காகக் கட்டிய புதுப் புடவை. நீலச் சாயம் மங்கிய பலகைக் கதவு. கதவின் மேல் மாவிலை. வாசற்படியில் அவரே போட்ட கோலம்.

“தம்பி, கோயில்ல படம் புடிச்சீங்களே, என்னையும் இந்த வாசல்ல வச்சு ஒண்ணு புடிங்கய்யா” என்றார்.

பை கீழே இருந்தது. போய் எடுத்துவர ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அந்த மேட்டில் அந்தப் பையை மறுபடியும் சுமக்க எங்களுக்கு உடம்பு வரவில்லை. “அடுத்த தடவை வரும்போது கண்டிப்பா எடுக்கிறோம், பாட்டி” என்றோம். “சரிய்யா, மறந்துடாதீங்க” என்றார்.

அடுத்த தடவை போனபோது லயம் இல்லை. நிலம் கைமாறிவிட்டது, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். பாட்டி நல்லபடியாகத்தான் இருக்கிறார். மகன் வீட்டில், அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் இருக்கிறார். தேடிப்போய்ப் படம் எடுத்தோம். இரும்புக் கதவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார். படம் நன்றாகவே வந்தது. ஆனால் அவர் கேட்டது அந்தப் படம் அல்லவே!

எங்களிடம் காமிரா இல்லாமல் போகவில்லை. மிக நல்ல காமிராவே இருந்தது. அது எங்களோடு மேட்டுக்கு வரவில்லை, அதுதான் குறை. அன்று சட்டைப் பையில் சின்னக் காமிரா ஒன்று இருந்திருந்தால் பாட்டி கேட்ட படம் இன்று அவர் வீட்டுச் சுவரில் இருக்கும்.

நேயர்களே, காமிராவின் சுமை என்பது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. படம் எடுக்கும் கலை பிறந்த நாளிலிருந்தே அது கூட வந்திருக்கிறது. 1839ஆம் ஆண்டில்தான் புகைப்படம் எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1851ஆம் ஆண்டில் ஈரக் கண்ணாடித் தகட்டு முறை வந்தது. அந்த முறையில் ஒரு கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். ஆகவே படம் எடுப்பவர் போகும் இடமெல்லாம் கனத்த மரப்பெட்டிக் காமிராவும், கண்ணாடித் தகடுகளும், மருந்துப் புட்டிகளும், இருட்டறையாகப் பயன்படும் கூடாரமும் கூடவே போக வேண்டும். சுமப்பதற்கே ஆட்கள் வேண்டும்.

நம் மலாயா மண்ணுக்கும் அப்படி ஒருவர் வந்தார். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, பினாங்கிலும் பல மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். அங்கே படங்களை அச்செடுக்கும் வேலையை மதராசிலிருந்து வந்த இருவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களையே உதவியாளர்களாக வைத்துக்கொண்டார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆக, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கலையில் மதராசிலிருந்து வந்த கைகளும் உழைத்திருக்கின்றன. ஆனால் காமிரா முன்னால் யார் நிற்பது, எதைப் படம் எடுப்பது என்பதைத் தீர்மானித்தவர் தாம்சன்தான். சுமை அவ்வளவு பெரிதாக இருந்த வரையில் சாதாரண மக்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ள வழி இருக்கவில்லை.

அந்த வழி மெல்ல மெல்லத் திறந்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் கோடாக் என்ற சிறு பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்கான பிலிம் சுருள் அதற்குள்ளேயே இருந்தது. எடுத்து முடிந்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, புதுச் சுருளையும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் பிரௌனி காமிரா ஒரு டாலர் விலைக்கு வந்தது. சிறுவர்களும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்தவர்தான் நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியவர். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், லைட்ஸ் என்ற கண்ணாடிக் கருவித் தொழிற்சாலையில் ஒஸ்கார் பார்னாக் என்ற கைவினைஞர் வேலை பார்த்தார். அவருக்குக் காடு மேடெல்லாம் சுற்றிப் படம் எடுப்பதில் ஆசை. ஆனால் அவருக்கு இளைப்பு நோய். கனத்த தகட்டுக் காமிராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு மலை ஏறினால் மூச்சு வாங்கும். ‘நான் வரமாட்டேன்’ என்று அவர் ஆசையை விட்டுவிடவில்லை. ‘எனக்கு ஏற்ற காமிராவை நானே செய்துகொள்கிறேன்’ என்று முனைந்தார். சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமை எடுத்து, கைக்குள் அடங்கும் ஒரு சிறு காமிராவை 1914ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். இடையில் உலகப் போர் வந்தது. 1925ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துச் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. ஒரு மனிதனின் மூச்சுத் திணறலிலிருந்து பிறந்த காமிரா, உலகம் படம் எடுக்கும் முறையையே மாற்றிவிட்டது.

எப்படி மாற்றியது? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஹென்றி கார்த்தியே-பிரெசோன் என்பவர் அந்தச் சிறு லைக்காவையே பெரும்பாலும் பயன்படுத்தினார். அதன் பளபளப்பான பாகங்கள் பிறர் கண்ணில் படாதிருக்கக் கறுப்பு நாடா ஒட்டி வைத்திருந்தார். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர்தான் அவர் காந்தியடிகளைச் சந்தித்துவிட்டுத் திரும்பியிருந்தார். செய்தி கேட்டதும் மீண்டும் பிர்லா மாளிகைக்கு விரைந்தார். மாளிகை வாசலில் ஏறி நின்று, காந்தியடிகள் மறைந்துவிட்டார் என்று நேரு மக்களுக்கு அறிவித்த அந்த நேரத்தைப் படம் எடுத்தார். இருட்டில், நெரிசலில் எடுத்த படம். அதில் துல்லியம் குறைவு. ஆனால் அந்த இரவின் துயரம் முழுவதும் அதில் இருக்கிறது. முக்காலியை விரித்து, பெட்டியைத் திறந்து, லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்குமா?

சரி, அது பழைய கதை. இன்றைக்கு நாம் கடைக்குப் போனால் என்ன பார்க்க வேண்டும்? கணக்கோடு பேசுவோம்.

தொழில்முறைக்காரர்கள் பல ஆண்டுகள் சுமந்த பெரிய வகைக் காமிராவில் கண்ணாடி மடிப்பும் முப்பட்டகமும் உள்ளே இருக்கும். பிலிமுக்குப் பதிலாக ஒளியை வாங்கும் சென்சார் என்ற தகடு 36க்கு 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இப்படிப்பட்ட காமிரா ஏறத்தாழ 900 கிராம். அதற்கு ஒரு நடுத்தர ஜூம் லென்ஸ் 800 கிராம். தொலைவிலுள்ளதைக் கிட்டக் காட்டும் லென்ஸ் ஒன்றரைக் கிலோ. மூன்றும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். பிளாஷ் அரைக் கிலோ, முக்காலி இரண்டு கிலோ, பை ஒரு கிலோவுக்கு மேல் என்று கூட்டுங்கள். ஏறத்தாழ ஏழு கிலோ! இதைத்தான் நாங்கள் அன்று சுமந்தோம்.

இனி இலேசான வகையைப் பாருங்கள். 2008ஆம் ஆண்டில் பானாசோனிக் நிறுவனம், உள்ளே கண்ணாடி மடிப்பு இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய சிறு காமிரா ஒன்றை வெளியிட்டது. அதே அளவைப் பின்பற்றி ஒலிம்பஸ் நிறுவனமும் பல காமிராக்களைச் செய்தது. இவற்றின் சென்சார் 17.3க்கு 13 மில்லிமீட்டர். பெரியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குப் பரப்பு. சென்சார் சிறியதாக இருப்பதால் அதற்கு ஏற்ற லென்ஸும் சிறியதாகிறது. கண்ணாடியும் முப்பட்டகமும் இல்லாததால் உடலும் மெலிகிறது. இதுவே இலேசாக இருப்பதன் இரகசியம்.

2020ஆம் ஆண்டில் ஒலிம்பஸ் பெயரில் வந்த ஒரு சிறு காமிரா, பேட்டரியோடு சேர்த்து 383 கிராம். அன்றாடப் படங்களுக்கான மெல்லிய ஜூம் லென்ஸ் 93 கிராம். தொலைவுப் படங்களுக்கான லென்ஸ் 190 கிராம். முகங்களை எடுப்பதற்கான லென்ஸ் 116 கிராம். நான்கையும் கூட்டினால் 782 கிராம். நேயர்களே, பெரிய வகையின் நடுத்தர லென்ஸ் ஒன்று மட்டுமே 800 கிராம் என்று சொன்னோமே! இங்கே காமிராவும் மூன்று லென்ஸும் சேர்ந்து அதைவிடக் குறைவு.

அப்படியானால் சிறியதில் குறையே இல்லையா? உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதல் குறை வெளிச்சம். லென்ஸின் மேல் 2.8, 5.6 என்று எண்கள் எழுதியிருக்கும். எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலம். வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். 5.6 என்ற அளவில் வரும் வெளிச்சத்தைப் போல் நான்கு மடங்கு 2.8 அளவில் வரும். நாம் சொன்ன சிறு ஜூம் லென்ஸ்கள் வெளிச்சம் குறைவாக வாங்குபவை. இருண்ட கருவறை முன்னாலும், இரவு நேரத் தீமிதியிலும் அவை திணறும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதற்கு மாற்று, 116 கிராம் என்று சொன்ன அந்த முக லென்ஸ். அதன் அளவு 1.8. பெரிய 2.8 லென்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். ஆனால் அதில் ஜூம் கிடையாது. முன்னே பின்னே நாம்தான் நடக்க வேண்டும். இரண்டாவது குறை, ஆளைத் தெளிவாகக் காட்டிப் பின்னணியைக் கரைத்துவிடும் அழகு, பெரிய சென்சாரில் வருவதைப் போல் சிறியதில் எளிதில் வராது.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கல்யாணங்களைப் படம் எடுத்துப் பிழைப்பவர்களும், இரவில் விளையாட்டுப் போட்டிகளை எடுப்பவர்களும் பெரிய கருவிகளை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அது அவர்கள் தொழில். கூலி கிடைக்கும் சுமை வேறு. குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் ஆசைக்காகவும் படம் எடுக்கும் நாம், கூலி இல்லாத சுமையைக் கடன் பட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி.

பெரிதாக அச்செடுக்க முடியாதே என்று சிலர் கேட்பார்கள். முடியும். நாம் சொன்ன சிறு காமிராவின் படம் அகலத்தில் 5184, உயரத்தில் 3888 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்செடுத்தால் 17 அங்குலத்துக்கு 13 அங்குலம் வரும். வீட்டுச் சுவரில் தாத்தா படம் மாட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனை. வீட்டில் ஒரு கிலோ சீனிப் பொட்டலம் இருக்குமல்லவா? நீங்கள் ஆசைப்படும் காமிராவும் லென்ஸும் எத்தனை கிலோ என்று கடையில் கேளுங்கள். அத்தனை பொட்டலத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அதோடு நடங்கள். சந்தைக்குப் போங்கள், மாடிப்படி ஏறுங்கள், குனிந்து பிள்ளையைத் தூக்குங்கள். பத்துமலையில் 272 படி ஏற வேண்டும். காவடி எடுப்பவர் பின்னால் கூட்டத்தில் அந்தப் பையோடு ஏற முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். கழுத்து வலித்தால், அந்தக் காமிரா இரண்டு மாதம் கழித்து அலமாரிக்குள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் இரண்டு நிமிடம் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது வாளியைத் தூக்கிப் பார்ப்பது போல. நடந்து பார்த்த கனம் அல்ல.

சிறு காமிராவைப் பிடிக்கும் முறைக்கு வருவோம். இலேசான பொருள் கையில் எளிதாக ஆடும். ஆகவே முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் இருக்கட்டும். தூணோ, மரமோ, சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். இரண்டு கிலோ முக்காலிக்குப் பதிலாக இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு சிறு துணிப்பையில் பச்சைப் பயறு நிரப்பி வாயைத் தைத்துவிடுங்கள். சுவரின் மேலோ, நாற்காலியின் மேலோ அதை வைத்து, அதன் மேல் காமிராவை அமர்த்தினால் ஆடாமல் நிற்கும். பல ஊர் சுற்றிப் படம் எடுப்பவர்களும் இப்படிப் பை வைத்திருப்பதுண்டு.

காமிராவின் வாரைக் கழுத்தில் தொங்கவிடாமல் ஒரு தோளிலிருந்து மறு இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டால் கழுத்து தப்பும். வார் அகலமாக இருந்தால் தோலை அறுக்காது. எல்லா லென்ஸையும் எல்லா நாளும் தூக்கிப் போக வேண்டியதும் இல்லை. ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு, மற்றதை வீட்டில் விட்டுப் போய்ப் பழகுங்கள். எதை மாட்டுவது என்று குழம்பாமல் கண் படத்தைத் தேடத் தொடங்கும்.

நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஓர் எச்சரிக்கையும் தேவை. இங்கே காற்றில் ஈரம் அதிகம். பைக்குள் மூடிப் போட்டு வைத்த லென்ஸின் கண்ணாடியில் பூசணம் பிடித்துவிடும். அதை எடுப்பது சிரமம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அதற்குள் காமிராவை வையுங்கள். பெரிய கருவிகளுக்குத் தனி அலமாரி வேண்டும். சிறு காமிராவும் லென்ஸும் ஒரே டப்பாவில் அடங்கும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வரும்போது உடனே பையைத் திறக்காதீர்கள். கண்ணாடியில் நீர் பூக்கும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருந்து சூடு ஏறட்டும்.

காமிரா வாங்க வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கையில் இருக்கும் கைப்பேசிதான் எல்லாவற்றிலும் இலேசான காமிரா. அதில் நல்ல படம் எடுக்க மூன்று பழக்கம் போதும். வியர்வையும் எண்ணெயும் பட்ட அதன் சிறு லென்ஸை மெல்லிய துணியால் துடைத்த பிறகே எடுங்கள். திரையில் விரலை விரித்துப் பெரிதாக்காமல் இரண்டடி முன்னே நடந்து எடுங்கள். வெயிலைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே வைக்காமல், வாசல் நிழலில் நிறுத்தி எடுங்கள். எடுத்த படங்களை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அதோடு பத்து வருட வாழ்க்கையும் போய்விடக் கூடாது. முக்கியமான படங்களை அச்செடுத்து, பின்னால் பென்சிலால் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள்.

சின்னக் காமிராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. பெரிய காமிராவை நீட்டினால் நம் பெரியவர்கள் உடனே விறைத்துக்கொள்வார்கள். கையைக் கட்டி, சிரிப்பை அடக்கி, அடையாள அட்டைக்கு நிற்பது போல் நிற்பார்கள். சிறு காமிராவை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வெற்றிலை மடிப்பார்கள், பேசுவார்கள், பேரனைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அதுதானே அவர்கள்? ஆனாலும் ஒருவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். காமிரா சிறியது என்பதற்காகத் திருட்டுத்தனமாக எடுப்பது மரியாதை அல்ல.

எதை எடுப்பது என்றும் சொல்லிவிடுகிறோம். கல்யாணமும் திருவிழாவும் எப்படியும் யாராவது எடுத்துவிடுவார்கள். யாரும் எடுக்காதவற்றை நீங்கள் எடுங்கள். தாத்தா மரம் வெட்டிய கத்தியையும், அதைப் பிடித்துக் காய்த்த அவர் கையையும் எடுங்கள். பெரட்டுக்களம், ஸ்டோர், லயத்துப் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி, தோட்டத்துப் பள்ளியின் வாங்கு, கோயில் மரத்தடிக் கல் ஆகியவற்றை எடுங்கள். பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. பல லயங்கள் இடிந்துவிட்டன. இருக்கிற சிலவும் எத்தனை நாளைக்கு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நம் முன்னோர் காட்டை வெட்டி, பாலெடுத்து, இந்த நாட்டை உயர்த்திய கதைக்கு நம் வீட்டிலிருந்தே சாட்சி வேண்டாமா? அந்தச் சாட்சியைப் பிடித்துவைக்க ஏழு கிலோ பை வேண்டியதில்லை. எப்போதும் நம்மோடு மேட்டுக்கு ஏறி வரும் சிறு கருவி போதும்.

அந்தப் பாட்டியை நாங்கள் இப்போதும் போய்ப் பார்ப்பதுண்டு. போகும்போது சட்டைப் பையில் சின்னக் காமிரா இருக்கும். போன முறை, பழைய வீட்டைப் பற்றிக் கேட்டோம். கதவு எங்கே இருந்தது, அடுப்பு எங்கே இருந்தது, எந்தப் பக்கம் முருங்கை நின்றது என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். அப்படி அவர் கை உயர்ந்து நின்ற நேரத்தில் ஒரு படம் எடுத்தோம். அதில் வீடு இல்லை; வீட்டைக் காட்டும் கை இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கதவையும் சேத்துப் புடிச்சிருக்கலாம்யா” என்றார்.

அவர் சொன்னது சரிதான், நேயர்களே. உங்கள் வீட்டில் இன்னும் நிற்கும் கதவு ஏதாவது இருந்தால், இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து போய் ஒரு படம் எடுத்து வையுங்கள். வாசலில் பெரியவர்களையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.